‘உங்க கணவருக்காக வந்தீங்களா?’: போரிலிருந்து திரும்பிய பெண்களும், பதற்றத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிடிஎஸ்டியும்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் அங்கிருப்பவர் கேட்கிறார்: “உங்க கணவருக்காக வந்திருக்கீங்களா?”

வந்தவர் இராக்கில் ராணுவ லாரி ஓட்டியவராக இருக்கலாம். ஆப்கானிஸ்தானில் நர்ஸாக வேலை பார்த்தவராக இருக்கலாம். நோயாளியே அவர்தான். இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்வதாக அமெரிக்காவின் முன்னாள் படைவீராங்கனைகள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள்.

கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால், போரால் மனம் பாதிக்கப்பட்டவர் என்றால் ஆண், எதற்கெடுத்தாலும் பதறுபவர் என்றால் பெண் என்கிற பழைய கணக்கு டாக்டரின் அறைக்குள்ளும் நுழைந்துவிட்டால் விஷயம் சீரியஸ். ‘ஆங்ஸைட்டி’ என்று சீட்டில் எழுதி, படபடப்பு அடங்க ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடியில் இருக்கும் பிடிஎஸ்டி அப்படியே கிடக்கும்.

பிடிஎஸ்டியும் பதற்றக் கோளாறும் சேர்ந்து வரும் பெண்களுக்கு என்ன சிகிச்சை கொடுப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை (எல்லோரும் சுருக்கமாக ‘வி.ஏ.’ என்பார்கள்) கடந்த 20 வருடங்களில் நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறது. அதில் கிடைத்த பதில்கள் சில எதிர்பாராதவை.

முதல்ல, பிடிஎஸ்டின்னா என்ன?

உயிருக்கு ஆபத்தான சம்பவம், பாலியல் வன்முறை, கண் முன்னால் நடந்த கொடூர மரணம் போன்றவற்றுக்குப் பிறகு வரும் மனநலக் கோளாறு இது. அந்தச் சம்பவம் கனவாகவும், திடீரென்று மேலெழும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வரும். அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் மனசு தவிர்க்கப் பார்க்கும். ‘எல்லாம் என் தப்புதான்’, ‘யாரையும் நம்ப முடியாது’ என்பது மாதிரியான எண்ணங்கள் ஒட்டிக்கொள்ளும். உடம்பு எப்போதும் உஷார் நிலையில் இருக்கும்: தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் பிடிஎஸ்டி என்று சொல்வார்கள்.

இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் ஏறியது 1980-ல். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க ராணுவப் பெண்கள் சுமார் 11,000 பேர், பெரும்பாலோர் நர்ஸ்கள். துப்பாக்கி தூக்காதவர்களுக்கு என்ன அதிர்ச்சி வந்துவிடப்போகிறது என்று பலர் நினைத்தார்கள். ஹெலிகாப்டர் ஹெலிகாப்டராக வந்து இறங்கிய 19, 20 வயதுப் பையன்களின் சிதைந்த உடம்புகளைக் கையில் ஏந்தியவர்கள் அவர்கள்தான் என்பது அவ்வளவாக யாருக்கும் உறைக்கவில்லை.

பிளெய்கு நகரின் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்த லிண்டா வான் டெவான்டர், 1983-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அரசு நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 1988-ல் வந்தன. வியட்நாமில் பணியாற்றிய பெண்களில் 100-க்கு சுமார் 27 பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டியை அனுபவித்திருந்தார்கள். வாஷிங்டனில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழும்ப 1993 நவம்பர் வரை ஆனது.

இன்றைய நிலவரம் என்ன? வி.ஏ.வின் தேசிய பிடிஎஸ்டி மையம் தரும் கணக்குப்படி, முன்னாள் படைவீராங்கனைகளில் 100-க்கு 13 பேருக்கு வாழ்நாளில் பிடிஎஸ்டி வருகிறது. ஆண்களில் அது 6 பேர். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் போர் மட்டும் கிடையாது

இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் 3 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் பெண்கள் பணியாற்றினார்கள். நேரடிச் சண்டைப் பிரிவுகளில் பெண்கள் சேரக் கூடாது என்ற தடை 2013 வரை காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்தப் போர்களில் ‘முன்னணி’, ‘பின்னணி’ என்று கோடு எதுவும் இல்லையே. சாலையோர வெடிகுண்டுக்கு லாரி ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ராணுவ போலீஸில் இருந்த லீ ஆன் ஹெஸ்டர், 2005-ல் இராக்கில் தாக்கப்பட்ட வாகன வரிசையைக் காப்பாற்றியதற்காக ‘சில்வர் ஸ்டார்’ பதக்கம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் பெண் அவர். சட்டப்படி அவர் ‘சண்டையில் இல்லாதவர்’!

இன்னொரு காரணம் இதைவிடக் கசப்பானது. பணிக்காலத்தில் பாலியல் வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்தீர்களா என்று வி.ஏ. தன்னிடம் வரும் எல்லோரையும் கேட்கிறது. பெண்களில் மூன்றில் ஒருவர் ‘ஆமாம்’ என்கிறார். ஆண்களில் 50-ல் ஒருவர். இந்தக் காயத்தைக் கொடுத்தது பெரும்பாலும் எதிரி இல்லை. பக்கத்தில் நின்ற சக வீரர், சில நேரம் மேலதிகாரி. யாரை நம்பி உயிரைக் கொடுத்துப் பழகினார்களோ அவர்களிடமிருந்தே வந்த ஆபத்து. இரவில் கழிப்பறைக்குப் போகக்கூட யோசித்து யோசித்துப் போன பழக்கம், ஊருக்குத் திரும்பிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. இந்த வகைப் பாதிப்புக்கு ஆலோசனை கொடுக்க வி.ஏ.வுக்குச் சட்டப்படி அதிகாரம் கிடைத்தது 1992-ல்தான். இன்று இந்தச் சிகிச்சை முழுக்க இலவசம். அப்போதே புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

பதற்றம் எங்கே வந்து சேருது?

1980-லிருந்து 2013 வரை மருத்துவக் கையேட்டில் பிடிஎஸ்டியே பதற்றக் கோளாறுகளின் பட்டியலில்தான் இருந்தது. 2013-ல்தான் அதைத் தனியே பிரித்து, அதிர்ச்சி தொடர்பான கோளாறுகள் என்ற புது அத்தியாயத்தில் வைத்தார்கள். காகிதத்தில் பிரித்தாலும் ஆளுக்குள் பிரிவதில்லை. பிடிஎஸ்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கூடவே இன்னொரு மனநலப் பிரச்சினையும் இருப்பதை 1995-ல் வெளியான தேசிய ஆய்வே காட்டியது. பேனிக் அட்டாக், எதைப் பற்றியும் ஓயாத கவலை, கூட்டத்தைக் கண்டாலே நடுக்கம் எனப் பல வடிவங்களில் பதற்றம் வரும்.

எப்படி முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் (கற்பனைதான், ஆனால் சிகிச்சை அறைகளில் ரொம்ப சாதாரணம்). இராக்கில் மேம்பாலங்களுக்கு அடியில் வண்டி ஓட்டுவது ஆபத்து. மேலிருந்து என்ன விழும் என்று தெரியாது. ஊருக்குத் திரும்பிய பெண், மேம்பாலம் உள்ள சாலையைத் தவிர்க்கிறார். ஒரு நாள் வேறு வழியில்லாமல் போகும்போது நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது: பேனிக் அட்டாக். அடுத்த வாரம் நெடுஞ்சாலையே வேண்டாம் என்கிறார். அப்புறம் வண்டியே ஓட்டுவதில்லை. வேலை போகிறது. மகளின் பள்ளி விழாவுக்குப் போவதில்லை. கடைசியில் டாக்டரிடம் வரும்போது அவர் சொல்வது ஒன்றுதான்: “வெளியே போகவே பயமா இருக்கு, மாரடைப்பு வந்துடுமோன்னு கவலையா இருக்கு.” மேம்பாலம் பேச்சிலேயே வராது. அதைத் தவிர்ப்பதுதானே நோயே!

அதனால்தான் கேட்பவர் குறிப்பாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வி.ஏ.வின் முதல்கட்டச் சோதனை ஐந்தே கேள்விகள் கொண்டது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். ஆனால் ‘நீங்கள் படையில் இருந்தீர்களா?’ என்ற கேள்வியையே யாரும் கேட்கவில்லை என்றால் அந்த ஐந்துக்கும் வேலை இல்லை. வி.ஏ.வுக்கு வெளியே, சாதாரணத் தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்களுக்கு இப்படி நடக்க வாய்ப்பு அதிகம்.

மாத்திரை தரும் நிம்மதி

அல்ப்ரஸோலம், குளோனசெபாம் மாதிரியான மாத்திரைகளை நம்மூரிலும் பலருக்குத் தெரியும். போட்ட அரை மணி நேரத்தில் படபடப்பு இறங்கும். அதுதான் அதன் கவர்ச்சி, அதுதான் ஆபத்தும். பிடிஎஸ்டிக்கு இந்த வகை மருந்து வேண்டாம் என்று வி.ஏ.வும் ராணுவமும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டி நெறி சொன்னது. 2023 பதிப்பும் அதையே சொல்கிறது. பழகினால் விட முடியாமல் போவது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது: பயந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மூளை தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் மூளை கற்பது ‘மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்’ என்பதை.

இதில் ஆண்-பெண் வித்தியாசமும் இருந்தது. 1999 முதல் 2009 வரையிலான வி.ஏ. மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தபோது, பிடிஎஸ்டி உள்ள ஆண்களுக்கு இந்த மாத்திரைகள் எழுதப்படுவது குறைந்துவந்தது. பெண்களுக்கோ கூடியது. ‘ஆங்ஸைட்டி’ என்ற லேபிள் என்ன வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதைப் படிக்கும் யாராவது இந்த மாத்திரைகளை ஏற்கெனவே எடுத்துவந்தால் ஒரு விஷயம்: சட்டென்று நிறுத்தவே கூடாது. வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. செர்ட்ராலின், பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் ஆகிய மூன்றையும் அதே வழிகாட்டி நெறி பரிந்துரைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்துகள் பதற்றத்துக்கும் உதவுபவை. சில வாரங்கள் கழித்துத்தான் பலன் தெரியும்.

பயத்தை நோக்கி நடப்பது

2007-ல் அமெரிக்க மருத்துவ இதழான ‘ஜாமா’வில் வந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் திருப்புமுனை. பவுலா ஷ்னர் தலைமையிலான குழு நடத்தியது. 284 பெண்கள் பங்கேற்றார்கள்; ஏழு பேரைத் தவிர எல்லோரும் முன்னாள் படைவீராங்கனைகள். அதுவரை படைவீரர் ஆய்வு என்றாலே ஆண்கள்தான் என்றிருந்த துறையில், பெண்களை மட்டும் வைத்து, பல மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனை இது.

பெண்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். இரு அணிக்கும் வாரம் ஒன்று என 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஓர் அணியினர் இன்றைய அன்றாடப் பிரச்சினைகளைப் பற்றி மட்டும் ஆலோசகரிடம் பேசினார்கள். இன்னோர் அணிக்குக் கொடுத்தது, எட்னா ஃபோவா உருவாக்கிய ‘நீடித்த எதிர்கொள்ளல்’ சிகிச்சை.

பெயரே சொல்லிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சம்பவத்தை இப்போது நடப்பது போல ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்ல வேண்டும். ஒரு முறை இல்லை, ஒரே அமர்வில் பல முறை. அதைப் பதிவு செய்து கொடுப்பார்கள். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே, தவிர்க்கும் இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் தர வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கூட்ட நேரத்தில் நிற்பது 50 என்றால், ஓட்டலில் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவது 70 ஆக இருக்கலாம். கீழிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, பயம் தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

கேட்கவே கொடுமையாக இருக்கிறது இல்லையா? ஏற்கெனவே பதறும் பெண்ணை இப்படிப் படுத்தலாமா என்று ஆலோசகர்களே தயங்கியதுண்டு. ‘முதலில் பதற்றத்தைக் குறைப்போம், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டு, அந்த ‘அப்புறம்’ வராமலே போவதும் உண்டு.

சிகிச்சை முடிந்தபோது, எதிர்கொள்ளல் அணியில் 100-க்கு 41 பேருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. பேச்சு அணியில் 28. முழுமையாகவே அறிகுறிகள் நீங்கியவர்கள் 15, பேச்சு அணியில் 7. பல ஆண்டுகள் பழைய காயத்துக்கு 10 வாரத்தில் இது பெரிய விஷயம். மறுபக்கமும் உண்டு: 41 பேர் என்றால் மீதி 59 பேருக்கு நோய் இன்னும் இருக்கிறது. எதிர்கொள்ளல் அணியில் 100-க்கு 38 பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். பேச்சு அணியில் 21 பேர்தான்.

அந்தத் தயக்கத்துக்கு 2017 வழிகாட்டி நெறி நேராகவே பதில் சொன்னது: கூடவே இன்னொரு மனநலக் கோளாறு இருக்கிறது என்பதற்காக பிடிஎஸ்டி சிகிச்சையை மறுக்காதீர்கள். மேம்பாலத்தைப் பற்றிய பயம் தளரும்போது, அதன் மேல் கட்டிய மற்ற பயங்களும் சேர்ந்து தளர்வதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

எல்லோருக்கும் அப்படி நடந்துவிடாது. பேனிக் அட்டாக் பலமாக இருந்தால், நெஞ்சு படபடப்பதே ஒரு பயமாகிவிடும். படிக்கட்டு ஏறி மூச்சு வாங்கினாலும் ‘ஆரம்பிச்சிடுச்சு’ என்று தோன்றும். இவர்களுக்கு உடம்பின் உணர்வுகளையே எதிர்கொள்ளும் பயிற்சி உண்டு: நாற்காலியில் சுழல்வது, நின்ற இடத்தில் ஓடுவது, சின்ன ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது. தலைசுற்றலும் படபடப்பும் வந்து, தானாகவே போவதை உடம்பு பழகிக்கொள்ளும். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தாலும் பேனிக்குக்கு நன்றாக வேலை செய்யும் முறை இது.

இன்னொரு முக்கியமான சிகிச்சை பாட்ரிசியா ரெசிக் உருவாக்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகவே 1980-களின் கடைசியில் தொடங்கிய முறை. வழக்கமாக 12 அமர்வுகள். இதில் சம்பவத்தை விட, அதைச் சுற்றிச் சிக்கிக்கொண்ட எண்ணங்களுக்குத்தான் வேலை. ‘நான் அன்னிக்கு அந்த ரூமுக்குப் போயிருக்கக் கூடாது’, ‘நான் சத்தம் போடலை, அதனால என் தப்பு’. இவற்றை எழுதவைத்து, ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார்கள். இந்த இரண்டு சிகிச்சைகளையும் 916 படைவீரர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. இரண்டுமே பலன் தந்தன. எதிர்கொள்ளலுக்குச் சிறிய முன்னிலை, ஆனால் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிது இல்லை. இரண்டிலுமே கிட்டத்தட்ட பாதிப் பேர் முடிக்காமல் விட்டார்கள்.

பாதியில் விடுவதுதான் இப்போதைய பெரிய கேள்வி. சிகிச்சை இருக்கிறது, கடைசி வரை உட்கார வைப்பது எப்படி?

ஐந்தே அமர்வுகள் கொண்ட எழுத்துச் சிகிச்சை ஒரு வழி. ஒவ்வொரு அமர்விலும் 30 நிமிடம் சம்பவத்தைப் பற்றிக் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான், வீட்டுப்பாடம் இல்லை. 126 பேரை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில் இது ரெசிக்கின் 12 அமர்வு முறைக்குச் சளைக்கவில்லை. அதில் 100-க்கு 40 பேர் பாதியில் விட்டபோது, எழுத்துச் சிகிச்சையில் விட்டவர்கள் 6 பேர்தான். இன்னொன்று நமக்குப் பழக்கமானது: யோகா. ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம், அட்லாண்டாவிலும் போர்ட்லாண்டிலும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்காக வடிவமைத்த யோகா, ரெசிக் முறைக்கு இணையான பலனைத் தந்தது, முடித்தவர்களும் அதிகம். ஆசிரியர் தொட்டுத் திருத்த மாட்டார், கட்டளையிட மாட்டார். எந்த அசைவைச் செய்வது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்வார். ‘யோகா எல்லாத்தையும் குணப்படுத்தும்’ என்று ஃபார்வர்டு செய்ய இது ஆதாரம் ஆகாது. இது பயிற்சி பெற்றவர்கள் நடத்திய தனி வகை.

வெயிட்டிங் ரூம் பிரச்சினை

எவ்வளவு நல்ல சிகிச்சையாக இருந்தாலும் அறை வரை வந்து சேர வேண்டுமே. வி.ஏ. மருத்துவமனைகளுக்குத் தொடர்ந்து வரும் பெண்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. நான்கில் ஒருவர், அந்த வளாகத்திலேயே ஆண் படைவீரர்களின் வேண்டாத பேச்சையோ நடத்தையையோ சந்தித்ததாகச் சொன்னார். சக வீரரால் காயம்பட்ட ஒரு பெண், அதே மாதிரி ஆண்கள் நிறைந்த வெயிட்டிங் ரூமில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பாதியில் விட்டவர்களின் எண்ணிக்கையில் இதற்கும் பங்கு இருக்காதா?

2021 ஜனவரியில் வந்த சட்டம் இதைத் தொட்டது. 18-ம் நூற்றாண்டில் ஆண் வேடமிட்டு அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட டெபோரா சாம்ப்சனின் பெயர் அதற்கு. வளாகத்தில் நடக்கும் துன்புறுத்தலுக்கு எதிரான விதிகளும், சிகிச்சைக்கு வரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவியும் அதில் உண்டு. பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கலாம். வீட்டிலிருந்தே வீடியோவில் சிகிச்சை பெறலாம்; அது நேரில் பெறுவதற்குக் குறைவில்லை என்று பெண்களிடமே நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் வி.ஏ. தன் பழைய குறிக்கோள் வாசகத்தையே மாற்றியது. ‘போரைச் சுமந்த அவன்’ என்ற பொருளில் ஆண்பாலில் இருந்த லிங்கனின் வரி, இருபாலருக்கும் பொதுவானது.

இங்கே எதற்கு இந்தக் கதை? இந்திய ராணுவத்தின் பெண் அதிகாரிகள் 1992 முதல் சென்னை பரங்கிமலையில் பயிற்சி பெறுகிறார்கள். 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவர்களால் நீண்ட காலம் பணியில் இருக்க முடிகிறது. 2019 முதல் ராணுவ போலீஸில் சிப்பாய்களாகவும் பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள்.

வி.ஏ. உருவாக்கிய ‘பிடிஎஸ்டி கோச்’ செயலி, 2011 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அறிகுறிகளைக் கவனிக்கவும், படபடப்பு ஏறும் நேரத்தில் சமாளிக்கவும் உதவும். சிகிச்சைக்கு அது மாற்று இல்லை. தமிழில் பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416, 24 மணி நேரமும் இலவசம். அழைக்கும்போது தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்பதோடு, அதற்கு முன்னால் நடந்தது என்ன என்பதையும் முடிந்த அளவு சொல்வது நல்லது. எதிரில் இருப்பவர் கேட்க மறந்தாலும்.